வைரஸைக் கண்டறியும் நீர்க்களி உணரிகள்: திருச்சிராப்பள்ளி வாழையை முன்வைத்து ஓர் அறிவியல் தமிழ் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வாழையைத் தாக்கும் வைரஸ் நோய்களுக்கு மருந்து இல்லை. நோயற்ற கன்றைத் தேர்ந்து நடுவதே உழவருக்கு உள்ள முதற்காப்பு. கன்றினுள் வைரஸ் இருப்பதைத் தொடக்க நிலையில் கண்ணால் அறிய இயலாது. எனவே சோதனைக் கருவியும், அக்கருவி தரும் முடிவை எடுத்துரைக்கும் மொழியும் ஒருசேரத் தேவையாகின்றன. ஹைட்ரோஜெல் எனப்படும் நீர்க்களியும் நானோ அளவிலான உயிருணரியும் இணைந்து வைரஸைக் கண்டறியும் முறையைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதி வாழைச் சாகுபடியை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. நீர்க்களி, உயிருணரி ஆகிய கலைச்சொற்களைப் பெயர்ப் பாகுபாடு, தொகையிலக்கணம் ஆகியவற்றின் துணையால் ஆராய்ந்து, சோதனை முடிவைத் தமிழில் உரைக்கும்போது ‘இல்லை’ என்பதற்கும் ‘கண்டறியப்படவில்லை’ என்பதற்கும் இடையிலான வேறுபாடு பேணப்பட வேண்டும் என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்

நீர்க்களி, உயிருணரி, நானோ, முடிக்கொத்து நோய், கலைச்சொல்லாக்கம், தொகைநிலை, எதிர்மறை வினை.

முன்னுரை

காவிரியிலிருந்து கொள்ளிடம் முக்கொம்பில் பிரிகிறது. அவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலமே திருவரங்கத் தீவு. இத்தீவிலும், ஆறுகளின் இரு கரைகளிலும், அந்தநல்லூர், இலால்குடி, முசிறி, தொட்டியம் முதலிய வட்டாரங்களிலும் வாழை முதன்மைப் பயிர்களுள் ஒன்றாக விளங்குகிறது. பூவன், நேந்திரன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, ஏலரிசி எனப் பலவகை வாழைகள் இங்குப் பயிராகின்றன. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்டது.

வாழை பெரும்பாலும் விதையால் பெருகுவதன்று. தாய் மரத்தின் கிழங்கிலிருந்து கிளைக்கும் பக்கக்கன்றைப் பெயர்த்தெடுத்து அடுத்த தோட்டத்தில் நடுவதே வழக்கம். தாயின் நலம் கன்றுக்கு வருவதுபோல் தாயின் நோயும் கன்றுக்கு வருகிறது. ஒரு தோட்டத்தின் பத்து மாத உழைப்பு நடவு நாளன்று கையில் எடுக்கும் கன்றைப் பொறுத்து அமைகிறது. ஆய்வகத்திலிருந்து உழவருக்கு வரும் ஒரு வரிச் செய்தி அக்கன்றை நடுவதா, அழிப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. அவ்வொரு வரி தமிழில் எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா. அவ்வினாவுக்கு விடை காண, கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அறிவியல் தமிழ் இவ்வினாவுக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழ்வழிக் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் சொல்லாக்கத்திற்கெனவே ஒரு சங்கம் கண்டனர். அம்முயற்சிகள் பெரிதும் பெயர்ச்சொற்களை ஆக்குவதில் கருத்தூன்றின. பெயரோடு வினையும் வாக்கியமும் கருதப்பட வேண்டும் என்பதை வைரஸ் சோதனை தெளிவாகக் காட்டுகிறது.

1. வாழையின் வைரஸ் நோய்கள்

வைரஸ் என்னும் கருத்து அறிவியலுக்கு ஒரு பயிர்நோயின் வழியாகவே வந்தது. புகையிலைத் தேமல் நோய்க்கான காரணி, பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்வதை 1892இல் இவனோவ்ஸ்கி காட்டினார். 1898இல் பெய்யரிங்க் அக்காரணியைப் புதுவகைத் தொற்றுப்பொருள் எனக் கொண்டு வைரஸ் என்னும் சொல்லால் குறித்தார். இலத்தீனில் அச்சொல்லுக்கு நஞ்சு என்பது பொருள்.

வாழையில் நான்கு வைரஸ்கள் முதன்மையானவை. அவை முடிக்கொத்து வைரஸ், கீற்று வைரஸ், பூமடல் தேமல் வைரஸ், வெள்ளரித் தேமல் வைரஸ் என்பன. இவற்றுள் கொடியது முடிக்கொத்து வைரஸ். இது 18 முதல் 20 நானோமீட்டர் வரையிலான குறுக்களவு கொண்ட உருண்டைத் துகள். நோயுற்ற வாழையின் இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும். புது இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இளமையிலேயே நோயுற்ற மரம் குலை ஈனுவதில்லை. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி இவ்வைரஸை மரத்துக்கு மரம் கொண்டுசெல்வதை 1920களில் ஆஸ்திரேலியாவில் மெகீ நிறுவினார். திண்டுக்கல் மாவட்ட மலைகளில் விளையும் பெயர்பெற்ற விருப்பாட்சி வாழை தன் பரப்பைப் பெரிதும் இழந்ததில் இந்நோய்க்குப் பெரும் பங்கு உண்டு.

வைரஸ் புகுந்த நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடையே பல வாரங்கள் கழிகின்றன. அவ்விடைக்காலத்தில் கன்று நலமுள்ள கன்றுபோலவே தோன்றும். அது விற்கப்படலாம், நடப்படலாம், அசுவினிக்கு உணவாகி அண்டை மரங்களுக்கு நோயை வழங்கலாம். கண் அறியாத இவ்விடைக்காலத்திலேயே கருவி அறிதல் வேண்டும்.

2. வழக்கிலுள்ள சோதனை முறைகள்

இன்று ஆய்வகங்களில் பெருவழக்காக உள்ளவை இரண்டு. முதலாவது எலைசா. 1971இல் ஸ்வீடனில் எங்வால், பெர்ல்மன் ஆகியோர் வெளியிட்ட இம்முறை, வைரஸின் புரத உறையை எதிர்ப்பொருளால் பற்றி, நொதியின் துணையால் நிறமாற்றமாகக் காட்டுகிறது. இரண்டாவது பி.சி.ஆர். 1983இல் கேரி மல்லிஸ் கண்ட இம்முறை, வைரஸின் மரபுப்பொருளில் ஒரு பகுதியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. முன்னது துகளின் உடலையும் பின்னது அதன் மரபுத் தொடரையும் தேடுகின்றன. இவ்வேறுபாடு பின்னர் முடிவுரைக்கும் இடத்தில் மீண்டும் கருதப்படும்.

திசு வளர்ப்பு வாழைக் கன்றுகள் வைரஸ் அற்றவை எனச் சான்றளிப்பதற்காக நடுவணரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை 2006இல் ஒரு தேசியச் சான்றளிப்பு முறையை ஏற்படுத்தியது. இதற்கென ஏற்பு பெற்ற ஆய்வகங்களுள் திருச்சிராப்பள்ளி வாழை ஆராய்ச்சி மையத்தின் ஆய்வகமும் ஒன்று. திசு வளர்ப்புக் கூடத்திலிருந்து தொகுதியாக வெளிவரும் கன்றுக்கு இம்முறை பொருந்தும். ஆயின் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்கு நேரே செல்லும் பக்கக்கன்று ஆய்வகத்தைக் காண்பதில்லை. குளிர்ப்பெட்டி, வெப்பச் சுழற்சிப் பொறி, பயிற்சி பெற்ற பணியாளர் ஆகியோரைத் தோட்டத்து வரப்பிற்குக் கொண்டுவர இயலாது. கருவியே வரப்பிற்கு வர வேண்டும் என்னும் தேவையிலிருந்துதான் நீர்க்களியும் நானோ உணரியும் கவனம் பெறுகின்றன.

3. நீர்க்களி: பெயரும் பொருளும்

சப்ஜா விதையை நீரில் இட்டால் சிறிது நேரத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் ஒரு வழவழப்பான உறை பருத்து நிற்கிறது. பாதாம் பிசினை இரவில் ஊறவைத்தால் காலையில் அது பன்மடங்கு பெருகியிருக்கிறது. இரண்டிலும் நிகழ்வது ஒன்றே. நீரை விரும்பும் நீண்ட மூலக்கூறு இழைகள் நீரை ஏற்று விரிகின்றன. ஆனால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் அவை நீரில் கரைந்து போவதில்லை. நீர் ஓடிவிடுவதும் இல்லை. இவ்வாறு குறுக்குப் பிணைப்புகள் கொண்ட பலபடி இழைகளின் முப்பரிமாண வலையும் அதனுள் தங்கிய நீரும் சேர்ந்ததே நீர்க்களி.

இதனை ஆய்வகத்தில் திட்டமிட்டு ஆக்கியவர்களுள் முன்னோடிகள் செக் நாட்டு வேதியியலாளர்களான விக்டர்லேவும் லிம்மும் ஆவர். 1960இல் அவர்கள் வெளியிட்ட நீர்க்களியிலிருந்து மென்மையான கண்வில்லை உருவாயிற்று. குழந்தைகளின் அணையாடையில் ஈரத்தை ஏற்பதும், மண்ணில் ஈரம் காக்க இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல்லும் இவ்வகையினவே.

இதற்குத் தமிழில் பெயரிடுவதில் இரு இடர்கள் உள்ளன. முதலாவது, ‘ஹைட்ரோ’ என்னும் முன்னொட்டை ஹைட்ரஜன் எனப் பொருள்கொள்வது. அவ்வாறு கொண்டு ‘நீரகக் களி’ என மொழிபெயர்த்தால் பொருள் முற்றிலும் பிறழும். இங்கு அம்முன்னொட்டு நீரையே குறிக்கிறது. இரண்டாவது, ‘கூழ்’, ‘களி’ ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்தல். கூழ் ஊற்றினால் ஓடும். களி தன் வடிவத்தில் நிற்கும். நீர் மிகுந்திருந்தும் ஓடாமல் நிற்பதே இப்பொருளின் சிறப்பியல்பு. எனவே ‘நீர்க்கூழ்’ என்பதைவிட ‘நீர்க்களி’ என்பதே பொருத்தமுடையது.

நன்னூல் கூறும் பெயர்ப் பாகுபாட்டின்படி நீர்க்களி காரணப்பெயர் ஆகும். அது பொருளின் தோற்றத்தையும் தன்மையையும் காட்டுகிறது. ஆயினும் அதன் உள்ளமைப்பான வலையைக் காட்டவில்லை. காரணப்பெயர் எல்லாக் காரணங்களையும் சுமக்க வேண்டியதில்லை. முதன்முறை ஆளும் இடத்தில் ‘நீரை வலையாகப் பிடித்து நிற்கும் களி’ என ஒரு விளக்கத் தொடரைச் சேர்த்தால் போதும்.

இதற்கு மாறாக, வைரஸ் என்பதற்கு ஆக்கப்பட்ட நச்சுயிரி, தீநுண்மி ஆகிய காரணப்பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. நச்சுயிரி என்பது அதனை உயிரி என உறுதி கூறுகிறது. வைரஸ் உயிருள்ளதா என்பது அறிவியலில் இன்னும் விவாதத்திற்குரியது. தீநுண்மி என்பது அதனைத் தீயது என உறுதி கூறுகிறது. பாக்டீரியாவை அழித்து மனிதருக்குப் பயன்படும் வைரஸ்களும் உள்ளன. காரணம் தெளிவாகாத இடத்தில் இடுகுறியாக நிற்கும் பிறமொழிச் சொல்லே பிழை குறைந்தது என்பதால் இக்கட்டுரை வைரஸ் என்னும் சொல்லையே ஆள்கிறது. பிறமொழிச் சொல்லை ஏற்பதற்கு எச்சவியலில் தொல்காப்பியம் வகுத்த நால்வகைச் சொற் பாகுபாடே இடந்தருகிறது.

4. உயிருணரி: தொகையும் கருவியும்

உயிருணரி என்னும் தொகைச்சொல்லை இருவகையாக விரிக்கலாம். ‘உயிரை உணர்வது’ என விரித்தால் அது இரண்டாம் வேற்றுமைத்தொகை. ‘உயிர்ப்பொருளால் உணர்வது’ என விரித்தால் அது மூன்றாம் வேற்றுமைத்தொகை. எது சரி என்பதை இலக்கணம் மட்டும் தீர்மானிக்க இயலாது. கருவியின் வரலாறே தீர்மானிக்கிறது.

1962இல் கிளார்க், லையன்ஸ் ஆகியோர் ஒரு மின்முனையின் மேல் குளுக்கோஸைச் சிதைக்கும் நொதியைப் பொருத்தும் முறையை வெளியிட்டனர். அது உணர்ந்தது சர்க்கரையை. சர்க்கரை உயிரன்று. உணரப் பயன்பட்ட நொதியே உயிர்ப்பொருள். இன்று நீரிழிவு நோயாளர் வீட்டில் வைத்திருக்கும் சர்க்கரைமானி அவ்வழி வந்தது. ஆகவே உயிருணரி என்பது மூன்றாம் வேற்றுமைத்தொகையாகவே கொள்ளத்தக்கது. இரண்டாம் வேற்றுமையாகக் கொள்வோர், அக்கருவி உயிருள்ளதை மட்டும் காட்டும் என எண்ணிவிடுவர். செத்த வைரஸ் துகளையும் உடைந்த புரதத்தையும்கூட அக்கருவி காட்டும் என்னும் உண்மை அவர்களுக்குப் புலப்படாது.

உயிருணரியில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது பற்றும் உறுப்பு. இது எதிர்ப்பொருளாகவோ, நொதியாகவோ, ஒற்றை இழை மரபுப்பொருளாகவோ இருக்கலாம். பல பொருள்கள் கலந்த சாற்றில் தனக்குரியதை மட்டும் பற்றுவது இதன் தொழில். இரண்டாவது மாற்றும் உறுப்பு. பற்றுதல் என்னும் நிகழ்வை மின்னோட்டமாகவோ, நிறமாகவோ, எடை வேறுபாடாகவோ மாற்றுவது இதன் தொழில். மூன்றாவது காட்டும் உறுப்பு. இது அம்மாற்றத்தை எண்ணாகவோ கோடாகவோ மனிதர் படிக்கத்தக்க வடிவில் தருகிறது.

5. நானோ அளவின் பயன்

நானோ என்பது குள்ளன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ‘நானோ உணரி’ என்னும்போது கருவி முழுவதும் அவ்வளவு சிறியது எனக் கருதலாகாது. அதன் உணரும் பகுதி மட்டுமே அவ்வளவினது. கையில் பிடிக்கும் கருவியிலும் நானோ உணரி இருக்கலாம்.

சிறிதாவதால் விளையும் பயன் யாது? வெள்ளரித் தேமல் வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 29 நானோமீட்டர். அது ஒரு தடித்த கம்பியின்மேல் வந்தமர்ந்தால் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தில் அளந்தறியத்தக்க மாற்றம் நிகழாது. கம்பியின் தடிமனே சில பத்து நானோமீட்டர் எனின், அமர்ந்த வைரஸின் மின்னேற்றம் கம்பி முழுவதையும் பாதிக்கும். அகன்ற காவிரியில் விழுந்த ஒரு கிளை நீரோட்டத்தை மாற்றாது. வாய்க்கால் மடையில் விழுந்த அதே கிளை நீரைத் தடுத்துவிடும். 2004இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலிக்கான் நானோ இழைகளைக் கொண்டு இன்ஃபுளுயன்சா வைரஸை ஒற்றைத் துகளாகவே உணர முடியும் எனக் காட்டினர். 2020இல் தென்கொரிய ஆய்வாளர்கள் கிராஃபீன் ஏட்டின்மேல் எதிர்ப்பொருளைப் பொருத்திக் கொரோனா வைரஸை உணரும் கருவியை வெளியிட்டனர்.

நானோ அளவு நிறத்தையும் மாற்றுகிறது. பொன் மஞ்சள் நிறத்தது. ஆனால் ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவுள்ள பொன் துகள்கள் நீரில் தனித்தனியே மிதக்கும்போது அந்நீர் செந்நிறமாகத் தோன்றும். அத்துகள்கள் நெருங்கித் திரண்டால் நீலம் கலந்த ஊதாவாகும். கருவுறுதலை அறியும் சோதனைப்பட்டையில் தோன்றும் செந்நிறக் கோடு பெரும்பாலும் பொன் துகள்களின் கோடே ஆகும். வைரஸைப் பற்றும் எதிர்ப்பொருளைப் பொன் துகளின்மேல் பூசினால் மின்சாரமின்றியே முடிவைக் கண்ணால் காண இயலும்.

6. களியும் உணரியும் இணையும் இடம்

நீர்க்களி உணரியில் மூவகைப் பணியை ஆற்றுகிறது.

முதலாவது, களியே உணரியாதல். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர் மியாட்டாவும் உடன்பணியாற்றியோரும் ஓர் அமைப்பை வெளியிட்டனர். களியின் ஓர் இழையில் எதிர்ப்பொருளையும் மற்றோர் இழையில் அதற்குரிய புரதத்தையும் பிணைத்தனர். இரண்டும் ஒன்றையொன்று பற்றியிருக்கும்வரை வலை இறுகி நிற்கும். வெளியிலிருந்து அதே புரதம் வந்தால் அது எதிர்ப்பொருளைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. பழைய பற்று விடுபட, வலை தளர்ந்து களி பருக்கிறது. களி பருப்பதே செய்தியாகிறது. இப்பருமன் மாற்றத்தை நிறமாகவும் காணலாம். மயிற்பீலியின் நீலம் சாயத்தால் வருவதன்று, நுண்ணடுக்குகளின் இடைவெளியால் வருவது. அவ்வாறே களியினுள் ஒரே அளவான நுண்துகள்களைச் சீரான இடைவெளியில் பொதித்தால் களி பருக்கும்போது இடைவெளி விரிந்து நிறம் மாறுகிறது. இத்தகைய களித்தகட்டை 1997இல் அமெரிக்காவில் ஹோல்ட்ஸ், ஆஷர் ஆகியோர் வெளியிட்டனர்.

இரண்டாவது, களி உணரிக்கு இருக்கையாதல். தட்டையான பரப்பில் பொருத்தக்கூடிய எதிர்ப்பொருள்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. களியின் முப்பரிமாண வலையில் அதனினும் பலவற்றைப் பொருத்தலாம். புரதமாகிய எதிர்ப்பொருள் உலர்ந்தால் தன் மடிப்பை இழந்து பற்றும் திறனையும் இழக்கும். நீர் நிறைந்த களி அதன் இயல்பைக் காக்கிறது. வேண்டாத பிற புரதங்கள் ஒட்டுவதையும் களி குறைக்கிறது.

மூன்றாவது, களி திரட்டியாதல். ஈர்ப்புப் பொருள்கள் பொதிந்த களித் துகள்களை மிகுதியான நீரில் இட்டால் அங்கங்கே சிதறிக்கிடக்கும் வைரஸை அவை தம்பால் சேர்த்துக்கொள்ளும். அத்துகள்களைத் திரட்டினால் சிறிதளவு நீரில் மிகுதியான வைரஸ் கிடைக்கும். கழிவுநீரில் வைரஸைத் தேடும் பணியில் இவ்வகைத் துகள்கள் பயன்பட்டுள்ளன.

இப்பயன்களோடு சில தடைகளும் உள்ளன. நீர்க்களியின் வலைக்கண் பொதுவாகச் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை அகலமுடையது. 18 நானோமீட்டர் முடிக்கொத்து வைரஸ் அகன்ற கண்ணுள்ள களியில் நுழையக்கூடும். இழைபோன்று ஏறத்தாழ 750 நானோமீட்டர் நீளமுள்ள பூமடல் தேமல் வைரஸ் நுழைவது அரிது. அதனை உடைத்து அதன் புரதத்தையோ மரபுப்பொருளையோ உட்செலுத்த வேண்டும், அல்லது களியைப் பெரிய துளைகளுடன் ஆக்க வேண்டும். ஒரே களி நான்கு வைரஸ்களுக்கும் பொருந்தாது என்பது இதனால் தெளிவாகிறது.

மின்னோட்ட உணரிகளில் மற்றொரு தடை உண்டு. உப்பு கலந்த நீரில் ஒரு துகளின் மின்னேற்றத்தைச் சூழ்ந்துள்ள உப்பயனிகள் மறைத்துவிடுகின்றன. குருதி அளவு உப்புள்ள நீரில் அம்மின்னேற்றம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தொலைவு வரையே புலப்படும். எதிர்ப்பொருளின் நீளமோ ஏறத்தாழ 10 நானோமீட்டர். அதன் முனையில் பற்றப்பட்ட வைரஸ் இழைக்கு எட்டாத் தொலைவில் நிற்கிறது. சாற்றை நீர்த்துப்போகச் செய்தும், உணரியின்மேல் பலபடிப் படலம் பூசியும் இத்தடையைக் குறைக்க ஆய்வாளர் முயல்கின்றனர்.

மூன்றாம் தடை வாழைக்கே உரியது. வேட்டியில் பட்டால் போகாத வாழைக்கறையை அறியாதார் இலர். அக்கறைக்குக் காரணமான பீனால் பொருள்களும் மாப்பொருள் போன்ற பெருஞ்சர்க்கரைகளும் வாழைச்சாற்றில் நிறைந்துள்ளன. அவை பி.சி.ஆர். நொதியின் பணியைத் தடுக்கின்றன. களியின் வலை பெருஞ்சர்க்கரைகளை வெளியே நிறுத்தும். ஆனால் சிறிய பீனால் மூலக்கூறுகளை நிறுத்தாது. எனவே எத்தகைய உணரியாயினும் சாற்றை முன்னரே தூய்மை செய்யும் எளிய வழி அதனுடன் சேர்ந்தே வர வேண்டும்.

7. முடிவை உரைக்கும் வாக்கியம்

கருவி சரியாக இயங்கினும் அதன் முடிவு பிழையாகப் படிக்கப்படலாம். 2 மீட்டருக்கு ஒரு கன்று என நட்டால் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 1000 கன்றுகள் தேவை. அவற்றுள் 20 கன்றுகள் நோயுற்றவை எனக் கொள்வோம். நோயுற்ற நூற்றில் 95ஐக் கண்டுபிடித்து, நலமுள்ள நூற்றில் 95ஐ நலமுள்ளவை எனச் சரியாகக் கூறும் கருவி ஒன்று உள்ளது எனவும் கொள்வோம். அக்கருவி நோயுற்ற 20இல் 19ஐக் கண்டுபிடிக்கும், ஒன்றைத் தவறவிடும். நலமுள்ள 980இல் 49ஐ நோயுற்றவை எனத் தவறாகக் கூறும். ஆக நோயுற்றதாகக் கருவி காட்டும் 68 கன்றுகளில் 49 நலமுள்ளவை. நலமுள்ளவையாகக் காட்டும் 932 கன்றுகளில் ஒன்று நோயுற்றது. அவ்வொரு கன்று தோட்டத்தில் நின்றால் அசுவினிக்கு அது போதுமானது.

இந்நிலையில் அந்த 932 கன்றுகளுக்கும் ‘வைரஸ் இல்லை’ எனச் சான்றளித்தால் அது பொய்யாகும். தமிழில் ‘இல்லை’ என்பது இருப்பை மறுக்கும் சொல். அது கன்றைப் பற்றிய கூற்று. ‘கண்டறியப்படவில்லை’ என்பது செயப்பாட்டு வினையின் எதிர்மறை. அது காணும் செயலைப் பற்றிய கூற்று. காணாமை இல்லாமை ஆகாது. செயப்பாட்டு வாக்கியத்தில் செய்தவர் மறைந்துவிடுவதால் ‘இச்சோதனையால்’ என்னும் கருவிப் பொருளைச் சேர்த்தல் வேண்டும். முடிக்கொத்து வைரஸ் மரத்தின் உணவுக்குழாய்த் திசுவினுள் மட்டுமே வாழ்வது. இலையின் எப்பகுதியில் துண்டு எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தும் முடிவு மாறக்கூடும். ஆகவே ‘அனுப்பப்பட்ட இலைத்துண்டில் முடிக்கொத்து வைரஸ் இச்சோதனையால் கண்டறியப்படவில்லை’ என்பதே முழுமையான வாக்கியம்.

‘உள்ளது’ என்னும் உடன்பாட்டிலும் இத்தகைய நுட்பம் உண்டு. காவிரிக் கரையில் பெருவழக்காக உள்ள பூவன் வாழை, மூசா பால்பிசியானா என்னும் காட்டு வாழையின் மரபுக்கூறையும் கொண்டது. அக்காட்டு வாழையின் குரோமோசோமிலேயே கீற்று வைரஸின் மரபுத் தொடர்கள் பதிந்துள்ளன. மரபுத் தொடரைத் தேடும் சோதனை, வைரஸ் துகள் இல்லாத கன்றிலும் அத்தொடரைக் கண்டு ‘உள்ளது’ எனக் கூறிவிடலாம். புரத உறையைப் பற்றும் உணரி துகள் இருந்தால் மட்டுமே கூறும். எனவே ‘வைரஸின் மரபுத்தடம் கண்டறியப்பட்டது’, ‘வைரஸ் துகள் கண்டறியப்பட்டது’ என்னும் இரு வாக்கியங்கள் வேறுவேறாகப் பேணப்பட வேண்டும். முன்னதைப் பின்னதாக எழுதினால் நல்ல கன்றுகள் அழிக்கப்படும்.

இவ்விடத்தில் நேர்மறை, எதிர்மறை என்னும் சொற்களையும் கருத வேண்டும். இன்றைய வழக்கில் ‘நேர்மறை’ நன்மையைக் குறிக்கும் அடையாகிவிட்டது. ‘முடிவு நேர்மறை’ எனக் கேட்கும் உழவர் நற்செய்தி எனக் கொள்ள வாய்ப்புண்டு. கொரோனாக் காலத்தில் செய்தித்தாள்கள் ‘தொற்று உறுதி’ என எழுதியது இவ்விடரைத் தவிர்த்த நல்வழி. அவ்வழியில், பொய் நேர்மறை என்பதைத் ‘தவறான அறிவிப்பு’ என்றும் பொய் எதிர்மறை என்பதைத் ‘தவறவிடல்’ என்றும் வழங்கலாம். இவ்விரண்டும் எவரும் விளக்கமின்றிப் புரிந்துகொள்ளும் சொற்கள்.

தொகுப்புரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. வாழையின் வைரஸ் நோய்களுக்கு மருந்து இன்மையால், அறிகுறி தோன்றும் முன்னரே கன்றைச் சோதித்தல் திருச்சிராப்பள்ளிப் பகுதி உழவரின் முதன்மைத் தேவை. தோட்டம் விட்டுத் தோட்டம் செல்லும் பக்கக்கன்றுக்கு ஆய்வகச் சோதனை எளிதில் எட்டுவதில்லை.

2. நீர்க்களி உணரியாகவும், உணரிக்கு இருக்கையாகவும், வைரஸைத் திரட்டுவதாகவும் பயன்படும். வலைக்கண்ணின் அளவு, உப்புநீரின் மறைப்பு, வாழைக்கறை ஆகியவை அது கடக்க வேண்டிய தடைகள்.

3. ஹைட்ரோஜெல் என்பதற்கு ‘நீரகக் களி’ பிழையானது, ‘நீர்க்களி’ பொருத்தமானது. உயிருணரி என்பது மூன்றாம் வேற்றுமைத்தொகையாக விரிக்கத்தக்கது.

4. சோதனை முடிவைத் தமிழில் உரைக்கும்போது எப்பகுதியில், எவ்வைரஸ், எச்சோதனையால் என்னும் மூன்றும் வாக்கியத்தில் இடம்பெற வேண்டும். ‘இல்லை’ என்பதற்கு மாற்றாகக் ‘கண்டறியப்படவில்லை’ என்பதும், துகள், மரபுத்தடம் என்னும் பாகுபாடும் பேணப்பட வேண்டும்.

நாளை திருவரங்கத்து வரப்பில் ஓர் உழவரின் கையில் இத்தகைய உணரி வரும்போது, அதன் உறையில் அச்சிடப்படும் தமிழ் வாக்கியமும் கருவியின் ஓர் உறுப்பாகவே கருதப்பட வேண்டும். அவ்வாக்கியத்தை ஆக்கும் பணியில் வேதியியலாருடனும் பயிர் நோயியலாருடனும் தமிழாய்வாளரும் இணைந்து செயற்படுதல் காலத்தின் தேவையாகும்.